நீல அட்டைக்குப் பூஜ்யம்

ஜூன் 9

ரேணிகுண்டா அவுட்டரில் ரயில் நின்றது நின்றதுதான். திருப்பதிக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். பல்கலைக்கழக நூலகத்தில் ஒப்பந்த ஊழியர் தாமதமாக வந்தால் அரை நாள் விடுப்பு. நிரந்தர ஊழியர் தாமதமாக வந்தால் காபி.

நூலகர் லோகேஸ்வரன் சார் இன்று அதைப் பேசவில்லை. வேறு செய்தி வைத்திருந்தார். அடுத்த ஆண்டு அச்சு இதழ்களுக்கான ஒதுக்கீட்டில் மூன்றில் ஒரு பங்கு வெட்டு. பெரிய பதிப்பகங்களின் இதழ்கள் மத்திய அரசின் சந்தாத் திட்டத்தில் கணினியிலேயே வந்துவிடுகின்றன. அதில் சேராதவற்றைத்தான் நாங்கள் சந்தா கட்டி அச்சில் வாங்குகிறோம். அவற்றில் எது தங்க வேண்டும், எது போக வேண்டும்?

போன முறை எப்படி முடிவானது என்று பார்த்திருக்கிறேன். கமிட்டியில் சத்தமாகப் பேசிய துறையின் இதழ்கள் தங்கின. மெதுவாகப் பேசியவர்களுடையவை போயின. தத்துவத் துறைக்கு ஒரே ஒருவர்தான் வந்திருந்தார். அவருக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது.

இந்த முறை மேற்கோள் ஆய்வு. ஐந்து ஆண்டுகளில் இங்கே ஏற்கப்பட்ட ஆய்வேடுகளை எடுக்க வேண்டும். ஒவ்வொன்றின் கடைசியிலும் இருக்கும் துணைநூல் பட்டியலைப் பிரித்து, எந்த இதழ் எத்தனை முறை சுட்டப்பட்டிருக்கிறது என்று எண்ண வேண்டும். அதிகம் சுட்டப்பட்டவை தங்கும்.

"நீ லைப்ரரி சயின்ஸ்ல கோல்டு மெடல்தானேம்மா. நீயே பண்ணு" என்றார். தங்கப் பதக்கத்துக்கு இதுவரை கிடைத்த வேலை, புத்தகத்தில் முத்திரை குத்துவது.

சந்தோஷமாக இருக்கிறது. எழுதவே கூச்சம். எண்ணுக்குத் தொண்டை கிடையாது. யார் யாருக்கு வேண்டியவர் என்பதும் அதற்குத் தெரியாது.

ஜூன் 12

எண்ணுகிறேன். கண் எரிகிறது. ஒரே இதழின் பெயரை ஒரே ஆய்வேட்டில் நான்கு விதமாகச் சுருக்குகிறார்கள். முனைவர்கள்.

ஜூன் 20

தேவசேனா அக்கா இன்றும் அதே மேசை. மின்விசிறி எட்டாத மூலை. வியர்த்தாலும் காகிதம் பறக்கக் கூடாதாம்.

சமூகப்பணித் துறையில் ஆய்வு செய்கிறாள். ஊர் என் ஊர்தான், நகரி. தெரு வேறு. விசைத்தறியில் வேலை செய்யும் பெண்களின் காதுதான் அவளுடைய பொருள். தறிக்கூடத்தின் இரைச்சல் எந்த வயதில் எந்த ஒலியைப் பறிக்கிறது என்று வீடு வீடாகப் போய்ச் சோதித்தாள். எங்கள் வீட்டுக்கும் வந்தாள். அம்மா பிடிவாதமாகச் சொன்னது: "எனக்குக் காது நல்லாத்தான் கீது. இவதான் திருப்பதிக்குப் போயி மெதுவா பேசக் கத்துக்கினா." அக்கா சிரிக்காமல் அதையும் எழுதிக்கொண்டாள். அப்புறம் கருவியை மாட்டினாள். மெல்லிய ஒலிகள் அம்மாவுக்கு இல்லை. நான் போனில் "சரி" என்றால் அவளுக்கு "அரி" என்றுதான் விழுகிறது. அதைச் சரி என்று மூளை தைத்துக்கொள்கிறது. அப்பாவுக்கு, எங்கள் வீட்டில் நைனா, இது தெரியும். சொன்னதில்லை.

அக்காவின் வேலைக்குப் பிடிமானம் ஒரே ஒரு இதழ். ஆலை இரைச்சலும் செவியும் பற்றியது, வெளிநாட்டிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவது. பெயர் நீளம். எல்லோரும் நீல அட்டை என்போம். எல்லோரும் என்றால் அவளும் நானும்.

ஆய்வேட்டைச் சீக்கிரம் கொடுத்தாக வேண்டும். கொடுத்துவிட்டால் நாயுடுபேட்டையில் ஒரு கல்லூரி வேலை தருகிறது.

ஜூலை 2

சமூக அறிவியல் பிரிவில் முதலிடம் பிடித்த இதழ் எது? நான் பெயர்கூடக் கவனித்திராத ஒன்று. சமூகப்பணித் துறையே வெளியிடுவது. ஆண்டுக்கு மூன்று. ஆசிரியர்: பேராசிரியர் ஜெகநாதன். துறைத் தலைவர். நூலகக் கமிட்டி உறுப்பினர். அக்காவின் நெறியாளர்.

இரண்டாம் இடம் எங்கோ கீழே கிடக்கிறது.

அவ்வளவு படிக்கப்படும் இதழை ஏன் யார் கையிலும் பார்த்ததில்லை? ரேக்குக்குப் போனேன். ஐந்து பிரதிகள் வாங்குகிறோம். பல கட்டுகளில் சணல் கயிறு அவிழ்க்கப்படவே இல்லை.

பெருந்தொற்று வந்த ஆண்டின் இரண்டாவது இதழ்தான் அதிகம் சுட்டப்பட்டது. அந்த ஆண்டின் கட்டைப் பிரித்தேன். முதல் இதழ் இருந்தது. மூன்றாவது இருந்தது. மூன்றாவதின் முதல் பக்கத்தில் ஆசிரியர் குறிப்பு: ஊரடங்கால் இரண்டாம் இதழ் வெளிவரவில்லை, சந்தாதாரர்கள் பொறுத்தருள்க.

வெளியே வராத இதழ். பத்தொன்பது ஆய்வேடுகள் அதைச் சுட்டியிருக்கின்றன. பக்க எண்ணோடு. எல்லாவற்றிலும் அதே பக்க எண்.

இல்லாத பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பத்தொன்பது பேர் முனைவர் ஆகியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவேண்டும். வரவில்லை.

ஜூலை 3

அக்காவிடம் கேட்டேன். கேன்டீனில், இட்லி ஆறிக்கொண்டிருந்தது.

"அதுவா. முடுப்பு" என்றாள்.

திருமலைக்கு நேர்ந்துகொள்கிறவர்கள் மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி அறையில் வைப்பார்கள் இல்லையா, அது. துறையில் எல்லோரும் இந்தப் பெயரில்தான் சொல்கிறார்களாம். நெறியாளர் கையெழுத்துப் போடுவதற்கு முன், அவர் இதழிலிருந்து ஒரு டஜன் மேற்கோள் பட்டியலில் இருக்க வேண்டும்.

"கேட்டு வாங்குறாரா?"

"சேச்சே. கேட்டா அவருக்கு அசிங்கம். நம்மளே தெரிஞ்சிக்கினு வைக்கணும். வைக்கலன்னா சேப்டர் திரும்பி வரும், கமா தப்பு, புல்ஸ்டாப் தப்புன்னு."

"படிச்சிட்டு வைக்கிறதுதானே?"

"முடுப்புல காசு போடறவ காச படிப்பாளாடி?"

இல்லாத இதழைப் பற்றிச் சொன்னேன். அப்போதுதான் நிஜமாகச் சிரித்தாள். சீனியர் பட்டியலிலிருந்து எடுத்து ஒட்டுவதாம். சீனியர், தன் சீனியரிடமிருந்து. முதலில் தப்பாக எண்ணைப் போட்ட புண்ணியவான் யாரென்று யாருக்கும் தெரியாது.

நீயும் வைக்கப்போகிறாயா என்று கேட்டேன். இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கடைசில பாத்துக்கலாம்."

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அவள்மேல் வந்ததற்காக என்மேல் வந்தது.

ஜூலை 8

அட்டவணையை இரண்டு பத்தியாக்கினேன். முதல் பத்தியில் எல்லா மேற்கோள்களும். இரண்டாவதில், ஒரு துறையின் இதழை அதே துறையின் ஆய்வேடுகள் சுட்டியதைக் கழித்த மீதி. கழித்ததும் ஜெகநாதன் இதழ் தடாலென்று விழுந்தது. மிச்சம் மூன்று.

வெற்றி என்று நினைத்தேன். பிறகு கீழே பார்த்தேன்.

நீல அட்டை. முதல் பத்தியில் பூஜ்யம். இரண்டாவதிலும் பூஜ்யம்.

எப்படி?

எப்படி என்று கேட்கிறாயா முட்டாளே. நீ எண்ணியது ஏற்கப்பட்ட ஆய்வேடுகளை. நீல அட்டையைப் படிக்கும் ஒரே ஒருத்தி இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாள். எழுதி முடித்துவிட்டுப் போனவர்கள்தான் உன் கணக்கில் வாசகர்கள். மேசையில் உட்கார்ந்திருப்பவள் வாசகி இல்லை.

இரண்டு ஆண்டுகள் இந்த முறையைப் படித்தேன். பதக்கம் வாங்கினேன். இந்த ஒன்று தேர்வில் வரவில்லை.

லோகேஸ்வரன் சாரிடம் ஓடினேன். அவர் மறுக்கவில்லை, அதுதான் எரிச்சல். "வாஸ்தவம்தாம்மா. ஆனா மனசுக்குள்ள கீறத நான் கமிட்டிக்கு எப்படிக் காட்டறது? காட்டற மாதிரி ஏதாவது கொண்டா."

கொண்டுவருகிறேன்.

ஜூலை 10

மேசைக் கணக்கு. சார் ஒப்புக்கொண்டார். வாசகர்கள் இதழைப் படித்துவிட்டு மேசையிலேயே விட வேண்டும், திரும்ப ரேக்கில் வைக்கக் கூடாது. மாலையில் நான் மேசைகளைச் சுற்றிவந்து, கிடப்பவற்றை எண்ணிக் கோடு போடுவேன். தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் பலகை மாட்டியாயிற்று. தமிழில் நானே ஒன்று எழுதி ஒட்டினேன்.

இரண்டு வாரம்.

ஜூலை 21

மூன்று மேசைகளில் போட்டித் தேர்வு இதழ்கள். ஒன்றில் யாரோ சாப்பிட்ட வேர்க்கடலைத் தோல். நீல அட்டைக்குக் கோடு இல்லை. ஒன்றுகூட இல்லை.

அவள் தினமும் வருகிறாள். நான் பார்க்கிறேன்.

ஜூலை 22

இன்று அவளையே கவனித்தேன். மாலை எழுந்தாள். நாற்காலியை உள்ளே தள்ளினாள். ரப்பர் துகளை உள்ளங்கையில் ஒதுக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். நீல அட்டையை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு போய், ரேக்கில், தூசி படாத பக்கம் வெளியே தெரிய, வைத்தாள்.

பலகைக்கு நேர் கீழே.

"அக்கா, மேசையிலேயே வுடச் சொல்லித்தானே எழுதிக்கீறேன்?"

"பாத்தேன். அது மத்தவங்களுக்குன்னு நெனச்சேன்."

"எல்லாருக்கும்."

"துன்ன தட்ட அப்டியே போட்டுட்டு எழுந்து போவ சொல்றியா என்னை? எங்கம்மா ஒதைக்கும்."

அவ்வளவுதான். நாலு வருடமாக நீல அட்டை கலையாமல் இருந்ததற்குக் காரணம் அதை யாரும் தொடாதது இல்லை. தொட்டவள் ஒழுங்கானவள். கற்றவர்கள் வகுத்த எந்தக் கணக்கிலும் அவள் அகப்படமாட்டாள். படிக்காமல் சுட்டுகிறவன் எல்லாக் கணக்கிலும் இருக்கிறான்.

கையில் கோடு போடும் தாள் இருந்தது. போன நாட்களுக்கும் சேர்த்துக் கோடு கிழித்திருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள். பேனாவைத் திறந்துவிட்டு மூடினேன். நேர்மை என்று சொல்லிக்கொள்ளமாட்டேன். ஜெகநாதனோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டியிருக்குமே என்ற அருவருப்பு.

ஜூலை 24

மேசைக் கணக்கு முடிந்தது. கடைசி இரண்டு நாள் மேசையில் விட்டாள். விட்டுவிட்டு வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தாள், அடுப்பை அணைக்காமல் வந்தவள் மாதிரி.

நீல அட்டை: 2.

ஜூலை 30

கமிட்டி. எனக்கு நாற்காலி இல்லை, கணினியை இயக்க நின்றேன்.

இரண்டாவது பத்தி திரையில் வந்ததும் ஜெகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தெலுங்கில், மிக மரியாதையாக, நீ யாரம்மா என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். நிரந்தரமா என்று கேட்டார். இல்லை என்றேன். தலையசைத்தார். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

தன் துறை மாணவர்கள் தன் துறை ஆய்வைப் படிப்பது குற்றமா என்று மற்றவர்களைப் பார்த்துக் கேட்டார். யாரும் குற்றம் என்று சொல்லவில்லை. இரண்டாவது பத்தி எந்த விதிப்படி என்று கேட்டார். லோகேஸ்வரன் சார் தண்ணீர் குடித்தார். மேசைக் கணக்கில் நீல அட்டைக்கு இரண்டு என்று யாரோ படித்தார்கள். சிரித்தார்கள். அந்த இதழின் சந்தாத் தொகையைச் சொன்னதும் சிரிப்பு நின்று, பெருமூச்சு வந்தது.

பேசக் கூடாது என்று தெரியும். பேசினேன்.

"சார், ஊரடங்கு வருஷத்து ரெண்டாவது இதழ் எங்ககிட்ட இல்ல. பத்தொன்பது தீசிஸ்ல மேற்கோள் இருக்கு. ஒரு பிரதி குடுத்தீங்கன்னா ரேக்கில வெச்சிடறேன்."

ஜெகநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

பிறகு அவர் புன்னகைத்தார். "அச்சுப் பிழையாக இருக்கும்" என்றார்.

பத்தொன்பது தடவையா? — இது வாசல் தாண்டி வந்தபிறகு நான் எனக்குச் சொல்லிக்கொண்டது. உள்ளே சொல்லவில்லை.

இரண்டாவது பத்தி நீக்கம். துறை இதழ் தொடரும். நீல அட்டை டிசம்பரோடு நிறுத்தம்.

ஆகஸ்ட் 1

அக்காவின் ஆய்வேட்டில் நான்காம் அத்தியாயம் திரும்பி வந்துவிட்டது. மூன்றாவதும். ஏற்கெனவே கையெழுத்தான இரண்டாவதும்.

முடுப்பு விஷயம் இந்த ஒப்பந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்று அவர் யோசித்திருக்கிறார். நகரிப் பெண் ஒருத்தி நூலகத்தில், நகரிப் பெண் ஒருத்தி துறையில். யோசிக்க நேரம் பிடித்திருக்காது.

அவள் ரீடிங் ஹாலுக்கு வெளியே படிக்கட்டில் நின்றிருந்தாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலாம்.

"உனக்கு கோவம் வந்துச்சி, நீ பேசிட்ட. கையெழுத்து எனக்குத்தானே வேணும்?"

நான் இதழைக் காப்பாற்றத்தான் என்றேன்.

"இதழையா. எனக்கு வேண்டியத நாலு வருஷத்துல படிச்சிட்டேன்டி. இனி அது வந்தா இன்னா, வராங்காட்டி இன்னா. நான் எழுதினது வெளிய வரணும். உங்கம்மா காது அதுல கீது."

யாருக்காகக் கோபப்பட்டேன்? அவளைக் கேட்டேனா?

ஆகஸ்ட் 2

அக்கா வரவில்லை. மூலை மேசை காலி.

ஆகஸ்ட் 17

ஊர். ஞாயிற்றுக்கிழமையும் பக்கத்துத் தறிக்கூடம் ஓடியது. அம்மா கேட்டாள், தேவசேனா புத்தகம் எப்ப வரும், என் பேரு போடுவாளா. பெயர் போடமாட்டார்கள், எண்தான் போடுவார்கள் என்றேன். கேட்கவில்லை. கத்திச் சொன்னேன். கத்தியதும் நிறுத்த முடியவில்லை. ஜெகநாதனிடம் கத்த வேண்டியதையெல்லாம் அம்மாவிடம் கத்தினேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் "துன்னுட்டுத்தான் வந்தியா?" என்றாள்.

செப்டம்பர் 4

லோகேஸ்வரன் சார் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

இரண்டாவது பத்தி, முறையைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால் என் பக்கம் நேர்ந்த தவறு என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதுமாம். ஜெகநாதன் சாருக்கு யார்மேலும் வருத்தம் இல்லையாம். அந்தப் பெண்ணின் அத்தியாயங்களையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாராம்.

"ரெண்டையும் சேர்த்து அவரே சொன்னாரா சார்?"

"தனித்தனியாத்தாம்மா சொன்னாரு. நான்தான் சேர்த்து சொல்றேன்." கொஞ்சம் கழித்து, என்னைப் பார்க்காமல்: "உன் பத்தி சரிதான். எனக்குத் தெரியும்."

தெரியுமாம். தெரிஞ்சிக்கினு தண்ணி குடிச்சாரு.

செப்டம்பர் 5

ஆசிரியர் தினம். ஜெகநாதனுக்கு மாலை, சால்வை. மைக்கில் யாரோ குருவே தெய்வம் என்று கத்திக்கொண்டிருந்தபோது எழுதினேன். 'முறையைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல்.' கோபத்திலும் என் கையெழுத்து அச்சு மாதிரி வந்தது.

அக்காவிடம் சொல்லமாட்டேன். சொன்னால் அவள் நன்றி சொல்வாள். அதைக் கேட்க முடியாது.

செப்டம்பர் 16

அவளிடமிருந்து வாட்ஸ்ஆப்பில் இரண்டு வார்த்தை. "கையெழுத்து ஆச்சு."

கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினேன். வேறெதைத் தொட்டாலும் விஷயம் வெளியே வந்திருக்கும்.

டிசம்பர் 18

நீல அட்டையின் கடைசி இதழ் வந்தது. முத்திரை குத்தினேன். இந்த மாதத்தில் அதைப் பார்த்தவர்கள்: நான்.

மே 14

சென்ற ஆண்டுக் கணக்கில் புதிதாக ஏற்கப்பட்ட ஆய்வேடுகளைச் சேர்க்கச் சொன்னார்கள். ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டார்கள், மன்னிப்புக் கேட்கத் தெரிந்தவள் என்பதால் இருக்கலாம். கட்டில் மூன்றாவதாக இருந்தது அவளுடையது. பச்சை ரெக்சின் அட்டை, தங்க எழுத்து. தேவசேனா.

அம்மா அதில் 'பதிலளிப்பவர் 41'. "எனக்குக் காது நல்லாத்தான் கீது" என்று அவள் சொன்னதை ஆங்கிலத்தில் பெயர்த்து, கீழே கேட்புத்திறன் வரைபடம் போட்டிருக்கிறாள். கோடு வலதுபக்கம் சரிந்து விழுகிறது. அதிலேயே நெடுநேரம் நின்றேன்.

பிறகு பட்டியல். துறை இதழ்: பன்னிரண்டு. வெளிவராத இதழும் உண்டு, அதே பக்க எண். நீல அட்டை: முப்பத்தேழு.

தட்டச்சு செய்தேன். அட்டவணை தானாக வரிசை மாறியது. சமூகப்பணியில் இந்த ஆண்டு அவளுடையதோடு சேர்த்து இரண்டே ஆய்வேடுகள்; முதலிடம் நீல அட்டைக்கு.

லோகேஸ்வரன் சார் மேலேயிருந்து விரலை ஓட்டத் தொடங்கியவர், முதல் வரியிலேயே நின்றார். "இவ்ளோ டிமாண்ட் கீற ஜர்னல். சந்தா நின்னுபோச்சின்னு போட்டிருக்கே. யாரும்மா நிறுத்தினது?"

நடிக்கவில்லை. முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே மறந்திருந்தார்.

"கமிட்டி சார்."

"என்னா கமிட்டியோ" என்று ஓரத்தில் எழுதினார்: மீண்டும் தொடரலாம். ஜெகநாதன் மறுக்கமாட்டார். தன் மாணவி சுட்டிய இதழ். எண் இருக்கிறது. விதி இருக்கிறது.

மாலை, நாயுடுபேட்டைக் கல்லூரியில் சேர்ந்துவிட்ட அக்காவுக்குப் போன் செய்தேன். எங்களுக்குள் ஒன்பது மாதத்தில் முதல் பேச்சு. ஜனவரியிலிருந்து நீல அட்டை வரும் என்றேன். பின்னால் ஒரே பிள்ளைகள் சத்தம்.

"யாருக்கு?" என்றாள்.

அவளே பேச்சை மாற்றினாள். அவள் வகுப்பில் எண்பது பேராம், மின்விசிறி ஒன்றாம், கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டதாம். சரி அக்கா என்றேன். வெச்சிடறேன் என்றாள்.

ரேக்கில் நீல அட்டைக்கு இடம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒதுக்கினேன்.